பேக்கிங் ஏன் போனது? மேனிஃபோல்ட் பற்றிய வாசகர் கேள்விகள்

சிலிண்டர் ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுவருவது இன்டேக் மேனிஃபோல்ட். எரிந்த புகையை வெளியே எடுத்துச் செல்வது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். இரண்டும் ஹெட்டோடு சேரும் இடத்தில் மெல்லியதாக ஒரு கேஸ்கெட் உண்டு. பட்டறையில் எல்லோரும் அதைப் பேக்கிங் என்றுதான் சொல்வார்கள். இதைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: "மாற்றினோம், சில மாதத்திலேயே மறுபடி போய்விட்டது." அதனால் மாற்றும் முறையோடு, அது ஏன் போகிறது என்பதையும் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது 2010 மாடல் ஆல்ட்டோ. ஐடிலிங் 1,100 ஆர்பிஎம்முக்கு ஏறுகிறது, பிறகு 700க்கு இறங்குகிறது. ஏசி போட்டால் சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. பிளக் மாற்றி, த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாகிவிட்டது. இப்போது இன்டேக் பேக்கிங் போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். கழற்றுவதற்கு முன்னால் உறுதி செய்ய வழி இருக்கிறதா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இருக்கிறது. கழற்றும் முன் உறுதி செய்துகொள்வதுதான் சரியான வரிசையும்கூட.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் பலமான வெற்றிடம் இருக்கும். பேக்கிங்கில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே இழுபடும். அந்தக் காற்று த்ராட்டில் வழியாக வராததால் இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவின் கட்டுப்பாட்டுக்குள் அது இல்லை. ஆர்பிஎம் ஏறுகிறது, இசியூ ஐடில் வால்வை மூடி இறக்கப் பார்க்கிறது, அளவுக்கு மீறி இறங்கியதும் மறுபடி திறக்கிறது. உங்கள் வண்டியில் நடக்கும் ஏற்ற இறக்கம் இதுதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி சரியாகிவிடுவதற்கும் காரணம் உண்டு: உள்ளே போகும் காற்று பல மடங்கு கூடிவிடுவதால் கசியும் காற்று ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.

ஆனால் இதே அறிகுறியை ஒரு வெடித்த ரப்பர் குழாயும் கொடுக்கும். பேக்கிங்கை விடக் குழாய் போவதுதான் அதிகம். அதனால் முதலில் குழாய்களைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழாயையும் துணி சுற்றிய குறடால் ஒரு விநாடி அழுத்திப் பிடியுங்கள்: பிரேக் பூஸ்டர் குழாய், இன்ஜினுக்குள் சேரும் புகையை இழுக்கும் பிசிவி குழாய், பெட்ரோல் ஆவி வரும் கேனிஸ்டர் குழாய். எதை அழுத்தும்போது ஐடிலிங் ஒழுங்காகிறதோ, கசிவு அந்தப் பாதையில்தான். பூஸ்டர் குழாயில் மட்டும் இந்தச் சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே, ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யுங்கள்.

குழாய்கள் எல்லாம் சரி என்றால் பேக்கிங்குக்கு வாருங்கள். ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு ரப்பர் ட்யூபை எடுத்து ஒரு முனையைக் காதருகே வையுங்கள். மறுமுனையை ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் கோட்டில் ஒவ்வொரு போர்ட்டாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் 'உஸ்' சத்தம் தெளிவாகத் தனித்துக் கேட்கும். பிறகு துணிக்கு இஸ்திரி போடும்போது பயன்படுத்தும் தண்ணீர் ஸ்ப்ரேயால் அந்தக் கோட்டில் மட்டும் மெல்லப் பீய்ச்சுங்கள். இடைவெளிக்குள் தண்ணீர் இழுபடும்போது 'உஸ்' சத்தம் ஒரு கணம் அடங்கும், ஐடிலிங்கும் மாறும். இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், சென்சார் கனெக்டர்கள் மேல் தண்ணீர் படக் கூடாது.

பட்டறைகளில் இதற்கு கார்புரேட்டர் கிளீனரையும் சில இடங்களில் பெட்ரோலையும் அடிக்கிறார்கள். ஆர்பிஎம் மாற்றம் நன்றாகத் தெரியும் என்பது உண்மை. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளி பட்டாலே தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. வீட்டில் வேண்டவே வேண்டாம். ஸ்மோக் மெஷின் உள்ள பட்டறை அருகில் இருந்தால் அதுவே நல்லது. இன்ஜினை ஆஃப் செய்து, 1 பிஎஸ்ஐக்கு மேல் போகாத அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்துவார்கள். கசியும் இடத்தில் புகை நூல்போல எழும்புவதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜ் வாங்கி மாட்டினேன். 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும் என்று படித்திருக்கிறேன். எனக்கு 13தான் காட்டுகிறது. இன்டேக் பேக்கிங் போய்விட்டதா?
– உதகமண்டலம் வாசகர்

பதில்: இல்லை. அந்த அளவு கடல் மட்டத்துக்கு உரியது. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 1 அங்குலம் குறையும். ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. 20லிருந்து 7 போனால் 13. முள் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் மேனிஃபோல்டைத் தொட வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கி வரும்போது அங்கே ஒருமுறை அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 வருகிறது. ஃப்யூவல் ட்ரிம் ஐடிலிங்கில் +19, 2,500 ஆர்பிஎம்மில் +5. என் காரில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. இ20 பெட்ரோலால்தான் இப்படி என்கிறார் ஒருவர், பேக்கிங் என்கிறார் இன்னொருவர்.
– சென்னை, பெரம்பூர் வாசகர்

பதில்: நீங்கள் இரண்டு வேகத்திலும் எடுத்து எழுதியது நல்லதாகப் போயிற்று. பதில் அந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

காற்றுக்கேற்ற பெட்ரோல் போதவில்லை என்பதுதான் பி0171. 19 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றினால்தான் ஐடிலிங்கில் கலவை சரியாகிறது. வேகம் கூடினால் 5 போதும். உள்ளே போகும் காற்றை அளக்கும் அந்த மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கேயோ காற்று நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பெட்ரோல் பம்ப் பலவீனமாகவோ ஃபில்டர் அடைத்தோ இருந்திருந்தால் நேர்மாறாக, வேகத்திலும் சுமையிலும்தான் எண் ஏறியிருக்கும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் சிறியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். இ10லிருந்து இ20க்கு மாறும்போது ட்ரிம் 3, 4 புள்ளிகள் ஏறுவது இயல்பு. அந்த ஏற்றம் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் +5இல் பெரும்பகுதி இதுவாக இருக்கலாம். மீதி 14ஐ எத்தனால் தலையில் கட்ட முடியாது. சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள நெளி ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்துவிட்டு, மேலே திண்டுக்கல் வாசகருக்குச் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மாருதியின் பல சிறிய கார்களைப் போல மாஸ் ஏர்ஃப்ளோ இல்லாமல் மேனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டிகளில் ட்ரிம் இவ்வளவு ஏறாது. உள்ளே புகும் காற்று அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதை மேப் சென்சார் பார்த்துவிடுகிறது. இசியூவும் அதற்கேற்பப் பெட்ரோல் ஊற்றிவிடுகிறது. அதனால் கலவை மெலிவதை விட ஐடிலிங் ஏறுவதுதான் கண்ணில் படும். சூடான இன்ஜின், ஏசி ஆஃப், ஐடிலிங்கில் மேப் அளவு 30 முதல் 40 கிலோ பாஸ்கலுக்குள் இருப்பது வழக்கம். 45, 50 என்று நின்றால் சந்தேகப்படலாம். ஊட்டி வாசகரும் இங்கே கவனிக்கலாம்: மேப் சென்சார் காட்டுவது வெளிக்காற்றோடு ஒப்பிடாத முழு அழுத்தம், அதனால் மலைக்கு மேலும் இந்த எண் பெரிதாக மாறாது.

கேள்வி: எஸ்டீம், 2004. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தும் நிற்கவில்லை. மைலேஜும் குறைந்திருக்கிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: குளிரில் கேட்டு, சூடேறினால் அடங்கும் டிக் சத்தம் எக்ஸாஸ்ட் பேக்கிங்கின் கையெழுத்து. டாப்பெட் சத்தம் வால்வு கவருக்கு மேலிருந்து வரும், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் அதே கனத்தில் கேட்கும். எக்ஸாஸ்ட் கசிவோ சுமை ஏற ஏறப் பலமாகும். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கசியும் சிலிண்டரின் இன்ஜெக்டரை நிறுத்தியதும் டிக் சத்தம் மங்கிவிடும். பிளக் வயரைப் பிடுங்கி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை உருக்கிவிடும்.

கண்ணுக்கும் அடையாளம் கிடைக்கும். ஹீட் ஷீல்டைக் கழற்றி, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் போர்ட்டிலிருந்து கரி விசிறிபோல விரிந்திருக்கும். கரி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் மேனிஃபோல்டிலேயே மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தில், ஹீட் ஷீல்ட் மறைக்கும் பகுதியில்தான் விரிசல் விடும்.

மைலேஜ் குறைந்ததும் இதே கோளாறுதான். புகை தொடர்ச்சியாகப் போவதில்லை, துடிப்பு துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் இறங்கும்போது அதே இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. கீழே காத்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து 'பெட்ரோல் குறைவு' என்று சொல்ல, இசியூ தேவையில்லாமல் பெட்ரோல் கூட்டுகிறது.

இனி, பேக்கிங் ஏன் போகிறது என்பதற்கு வருவோம். நாலு சிலிண்டர் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் சுமார் 35 செ.மீ. நீளம் இருக்கும் என்று வையுங்கள். அது 500 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 மி.மீ. நீளும். தண்ணீர் ஓடும் அலுமினிய ஹெட் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் அரை மி.மீ.க்குச் சற்று மேல்தான் நீளும். ஆக ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் மேனிஃபோல்ட் பேக்கிங் மேல் ஒரு மி.மீ.க்கும் அதிகமாக வழுக்கிப் போய் வருகிறது. நகர்வு அதிகம் இருப்பது இரண்டு ஓரங்களில். அதனால்தான் முதலாவது, நாலாவது போர்ட்டுகளே முதலில் கசிகின்றன, மேனிஃபோல்டைப் பிடிக்கும் மரையாணிகளில் (ஸ்டட்) ஓரத்து ஸ்டட்டுகளே முதலில் ஒடிகின்றன.

இந்த நகர்வுக்கு இடம் கொடுக்கத்தான் பல மேனிஃபோல்டுகளில் ஓரத்து துளைகளைப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வைத்திருக்கிறார்கள். 'கசியக் கூடாது' என்று நீளப் பிடி போட்டு முறுக்கினால் மேனிஃபோல்டால் வழுக்க முடியாது. வழுக்க முடியாத இரும்பு வளையும், வளைய முடியாவிட்டால் ஸ்டட்டை ஒடிக்கும். அதனால் புதுப் பேக்கிங் வாங்குவதற்கு முன் மேனிஃபோல்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். நேரான இரும்புப் பட்டையை முகத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் கனம் குறித்த மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். சுசுகியின் இந்த இன்ஜின் வகைக்கு எல்லை 0.10 மி.மீ. அந்தக் கனமுள்ள தகடு உள்ளே போனால் லேத் பட்டறையில் முகத்தைச் சமமாகக் கடைந்து ஃபேஸிங் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் சில மாதங்களில் அதே சத்தம் திரும்ப வரும்.

கேள்வி: பேக்கிங்குக்கு இரண்டு பக்கமும் சிலிகான் பசை தடவிப் போட்டால் உறுதியாக இருக்குமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: எக்ஸாஸ்டில் கூடாது. அதிக வெப்பம் தாங்கும் என்று விற்கும் சிவப்பு சிலிகானும் 300 டிகிரியை ஒட்டிக் கருகிவிடும். எக்ஸாஸ்ட் போர்ட்டில் அதைவிட இரு மடங்குக்கு மேல் சூடு. இன்டேக்கில் ரப்பர் பேக்கிங் என்றால் அங்கேயும் கூடாது. பசை வழுக்கிவிட்டு ரப்பரைப் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளும்.

கேள்வி: வேகன் ஆரில் இன்டேக் பேக்கிங்கை நானே மாற்ற விரும்புகிறேன். ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச் இரண்டும் இருக்கிறது. எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே தப்பு நடக்கும்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: அரை நாள் ஒதுக்குங்கள். இன்ஜின் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும்.

முதல் வேலை பெட்ரோல் லைன் அழுத்தத்தை இறக்குவது. பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் தானாக நின்றதும் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 3 விநாடி, செல்ஃப் அடியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் சுமார் 3 பார் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் கழற்றும்போது முகத்தில் பீய்ச்சும்.

த்ராட்டில் பாடிக்கோ மேனிஃபோல்டுக்கோ கூலன்ட் குழாய் போகிறதா என்று பாருங்கள். போனால் ரேடியேட்டரின் அடி மூடியைத் திறந்து 2 லிட்டர் அளவுக்குச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். குழாய்களையும் கனெக்டர்களையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மேனிஃபோல்டின் அடியில் இன்ஜின் பிளாக்கோடு பிடித்திருக்கும் ஒரு தாங்கு பட்டை பல வண்டிகளில் உண்டு. அதை மறந்துவிட்டு நெம்புகிறவர்கள்தான் மேனிஃபோல்டை உடைக்கிறார்கள். எல்லா நட்டும் போன பிறகும் மேனிஃபோல்ட் அசையவில்லை என்றால் நெம்பாதீர்கள், இன்னொரு முறை அடியில் கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

நட்டுகளை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். மேனிஃபோல்ட் வந்ததும் போர்ட்டுகளுக்குள் சுத்தமான துணியைத் திணியுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள். அத்தனையும் வெளியே வர வேண்டும்.

கழற்றிய பழைய பேக்கிங்கைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக அழுந்தியிருந்த இடத்தில் போர்ட்டைச் சுற்றி ஒரே அகலத்தில் பளபளப்பான வளையத் தடம் இருக்கும். கசிந்த இடத்தில் அந்த வளையம் அறுபட்டு, உள்ளிருந்து வெளி விளிம்பு வரை தூசியும் எண்ணெயும் கலந்த பழுப்புக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்கு நேராக ஹெட்டில் என்ன இருக்கிறது என்று உடனே பாருங்கள். ஒரு கீறல் இருக்கலாம், பழைய பேக்கிங் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம், பக்கத்து ஸ்டட்டின் மரை தேய்ந்திருக்கலாம். பேக்கிங் முழுவதும் ஒரே சீராகத் தட்டையாகி விறைத்திருந்தால் வயதாகிப் போயிருக்கிறது, வேறு குற்றம் இல்லை.

முகத்தைச் சுத்தம் செய்யப் பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கெட் ரிமூவரும் போதும். கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டைத் தொடாதீர்கள். அலுமினியத்தில் பள்ளம் விழும். உதிரும் துகள் ஆயிலோடு சேர்ந்து பேரிங் வரை போகும். பழைய வண்டிகளின் பேக்கிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த நிலையில் சுரண்டாமல் தண்ணீரில் நனைத்து எடுங்கள்.

புதுப் பேக்கிங்கை முதலில் ஹெட்டில் வைத்துப் பாருங்கள். அதன் விளிம்பு எந்த போர்ட்டுக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி நீட்டினால் அது வேறு மாடலுக்கானது. சரியாக இருந்தால் பசை எதுவும் இல்லாமல் உலர்வாகவே மாட்டி, எல்லா நட்டையும் விரலால் முழுக்க ஏற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். முறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக. அலுமினிய மேனிஃபோல்டும் 8 மி.மீ. ஸ்டட்டும் உள்ள பழைய மாருதி இன்ஜின்களுக்கு முடிவான அளவு 23 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். முதல் சுற்று 8, அடுத்தது 15, பிறகு 23. பிந்தைய கே சீரிஸ் இன்ஜினில் மேனிஃபோல்ட் பிளாஸ்டிக், பள்ளத்தில் உட்காரும் ரப்பர் பேக்கிங். அதற்கு அளவு இதைவிடக் குறைவு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டைப் பழைய அளவில் முறுக்கினால் விளிம்பு வெடிக்கும், பேக்கிங் வாங்கப் போனவர் மேனிஃபோல்டே வாங்க வேண்டி வரும்.

இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் ஓ ரிங் புதிதாகப் போட்டு, ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி நுழைத்துவிடுங்கள். ரிலேயையும் பேட்டரியையும் மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் பம்ப் ஓசை நிற்கும்வரை விடுங்கள். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பேட்டரி கழற்றியதால் முதல் சில கிலோமீட்டருக்கு ஐடிலிங் சற்று முன்பின் இருக்கலாம், இசியூ மறுபடி பழகிக்கொள்ளும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஒரு ஸ்டட் ஒடிந்துவிட்டது. டிரில் செய்து எடுக்கலாமா? ஹெட்டையே இறக்க வேண்டும் என்கிறார்கள்.
– கரூர் வாசகர்

பதில்: எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு செ.மீ. இருந்தால் பெனட்ரேட்டிங் ஆயிலை இரவே அடித்துவிட்டு, மறுநாள் ஸ்டட் எடுக்கும் சாக்கெட்டால் முறுக்கிப் பாருங்கள். மரை மிச்சம் இருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைத் திருப்பியும் எடுக்கலாம். முகத்தோடு முகமாக ஒடிந்திருந்தால் வெல்டிங்தான் நல்ல வழி. ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே மிக் வெல்டிங் நிரப்புவார்கள். அந்தச் சூடே துருவை உடைக்கும். செக்கச் சிவந்தது கறுத்ததும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் வந்துவிடும். அலுமினியத்தில் வெல்டிங் ஒட்டாது என்பதால் மரையும் தப்பும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் இசியூ கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள்.

டிரில் கடைசி வழி. ஸ்டட் கடினமான இரும்பு, சுற்றி இருப்பது மெத்தென்ற அலுமினியம். பிட் ஒரு நூல் விலகினாலும் ஹெட்டைத் தின்றுவிடும். அதை வண்டியிலேயே குனிந்துகொண்டு கைடு இல்லாமல் செய்வதாக இருந்தால், ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்புவது மேல். மரை போய்விட்டாலும் புது மரையாக அமையும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போட்டு அதே 8 மி.மீ. ஸ்டட்டைத் திரும்ப ஏற்றலாம். ஒன்று ஒடிந்தது என்றால் மற்றவையும் அதே வயது, அதே சூடு. எல்லா ஸ்டட்டையும் நட்டையும் சேர்த்து மாற்றுங்கள், மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும், நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். வரும் பேக்கிங்கில் ஒரு பக்கம் தகடும் மறுபக்கம் கிராஃபைட்டும் இருந்தால் வழுக்கும் தகடு மேனிஃபோல்ட் பக்கம் வர வேண்டும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த அம்பாசடர், பழைய 1,489 சிசி பெட்ரோல். மேனிஃபோல்ட் பேக்கிங் மூன்று முறை மாற்றியாயிற்று. முன்பக்க இரண்டு சிலிண்டரில் மிஸ்ஸிங் நிற்கவே இல்லை.
– காரைக்குடி வாசகர்

பதில்: முன் இரண்டு என்று நீங்கள் எழுதியதே வழி காட்டுகிறது. பிரிட்டனின் பிஎம்சி பி சீரிஸ் வழியில் வந்த இந்த இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம், ஒரே பேக்கிங். நாலு சிலிண்டருக்கும் இன்டேக் போர்ட் இரண்டுதான்: ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்று, மூன்றுக்கும் நாலுக்கும் ஒன்று. முன் போர்ட்டில் காற்று புகுந்தால் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே தள்ளாடும்.

மூன்று பேக்கிங்கும் ஒரே இடத்தில் தோற்றிருந்தால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் தடித்த வாஷர்களைப் பாருங்கள். ஒரு மேனிஃபோல்டை மட்டும் ஃபேஸிங் செய்திருந்தால் அதன் விளிம்பு மெலிந்திருக்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் தடித்த விளிம்பில் போய் நின்றுவிடும், மெலிந்த பக்கம் பிடிப்பே இருக்காது. இரண்டையும் சேர்த்து ஒரே தளமாக ஃபேஸிங் செய்து, விளிம்புகளின் கனத்தையும் சமமாக்கச் சொல்லுங்கள். வளைந்துபோன வாஷர்களைத் திரும்பப் போடாதீர்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும் இந்தப் பேக்கிங் இன்னும் கிடைக்கிறது. இந்த வகைப் பேக்கிங்குக்கு மட்டும் 100 கி.மீ. ஓட்டிய பிறகு, இன்ஜின் நன்றாக ஆறியதும், ஒருமுறை நட்டுகளை அளவு பார்த்து இறுக்குங்கள். பல அடுக்குத் தகடு வரும் புதிய வண்டிகளுக்கு இது தேவையில்லை.

கேள்வி: கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே ஒழுகல் இல்லை. ஹெட் பேக்கிங் என்று சொல்லி ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள். இன்டேக் பேக்கிங்காலும் இப்படி ஆகுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் ஓடும் இன்ஜின் என்றால் ஆகும். மாருதி 800இன் கார்புரேட்டர் மாடல் அப்படிப்பட்டது. கூலன்ட் துளைக்கும் காற்றுத் துளைக்கும் நடுவே பேக்கிங் அரித்துப்போனால் வெற்றிடம் கூலன்டை உறிஞ்சிவிடும். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்திருப்பது இதன் அடையாளம். ஹெட்டை இறக்கும் முன் ரேடியேட்டரில் அழுத்தச் சோதனையும், கூலன்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நிறம் மாறும் திரவச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு இல்லை, கூலன்ட் மட்டும் போகிறது என்றால் முதலில் இன்டேக்கைக் கழற்றிப் பார்ப்பது நியாயம். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றும் வண்டியில் அலுமினியம் அந்தத் துளையைச் சுற்றித்தான் பொரிந்துபோயிருக்கும். அப்படி இருந்தால் பேக்கிங் மட்டும் போதாது, முகத்தையும் சரி செய்ய வேண்டும்.

கேள்வி: டர்போ டீசல் ஜீப். பிக்கப் குறைந்து கரும்புகை வருகிறது. சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகப் புகை வாடை. ஓட்டலாமா?
– சென்னை, வேளச்சேரி வாசகர்

பதில்: வாடை நிற்கும் வரை ஓட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் கசிவு புகையை இன்ஜின் அறையில் விடுகிறது, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் அதை உள்ளே இழுக்கிறது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் வந்த பிறகுதான் தெரியும். பட்டறை வரை கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் ஏசியை ஆஃப் செய்து, ஜன்னல்களை முழுக்க இறக்கிவிட்டு, தனியாகப் போங்கள். குழந்தைகளை ஏற்றாதீர்கள். மூடிய போர்ட்டிகோவில் ஸ்டார்ட் செய்து சோதிக்கவும் வேண்டாம்.

பிக்கப் குறைவதும் இதனால்தான். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை அதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. டர்போ காற்றைத் தள்ளவில்லை, டீசல் முழுசாக எரியவில்லை. மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே, மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே என்று இரண்டு பேக்கிங் இருக்கும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வேளச்சேரி என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் கேட்கிறோம்: போன மழையில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை ஓட்டினீர்களா? கொதிக்கும் வார்ப்பிரும்பில் மழைத்தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். அப்படி என்றால் பேக்கிங் வாங்குவதற்கு முன் மேனிஃபோல்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் வெள்ளைப் பூச்சில் ஈரக் கோடாக ஊறி வரும்.